ஊசிக் கூண்டு

நுனி மட்டும் கிடைக்கவில்லை.

தையல் மெஷினுக்கு அடியில் இருவரும் மண்டியிட்டிருந்தார்கள். உடைந்த ஊசியின் தலையும் நடுத்துண்டும் மேலே மேஜையில், ஒரு வெள்ளைத் துணியின்மேல் இருந்தன. ஊசியக்கா கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரையில் உரசியபடி இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பழைய கொக்கியும் துருப்பிடித்த குண்டூசியும் ஒட்டின. நுனி ஒட்டவில்லை. நான்காவது லைன் முழுவதும் நின்றிருந்தது. மெஷின்கள் ஓடாதபோது மின்விசிறிகளின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

மேஜைக்கு வெளியே சூப்பர்வைசரின் ஷூக்கள் வந்து நின்றன.

"இன்னுமா கிடைக்கல?"

"தேடிட்டுதான் இருக்கோம் சார்."

"பச்சக் குழந்தைங்க போடற சட்டைம்மா அது. உள்ள போயிருந்தா வாங்கறவன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவான். நல்லாப் பாருங்க."

ஷூக்கள் நகர்ந்தன. அந்த மெஷினில் தைக்கும் பெண் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டே தவழ்ந்து வந்தாள். தளத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பேர்.

"ஞாயித்துக்கிழமை வர்றீங்களா அக்கா?"

"எங்க?"

"சைக்கிள் கடை மாடிக்கு. போன வாரமே சொன்னேனே. சங்கக் கூட்டம்."

"முதல்ல நுனியத் தேடு."

"அது எங்கயும் போகல." கண்ணாடிக்காரி இடது கையை விரித்தாள். உள்ளங்கை நடுவில் நுனி இருந்தது.

ஊசியக்கா காந்தத்தைக் கீழே வைத்தாள். "நீயா உடைச்ச?"

"இடுக்கி வெச்சு. வேற எப்படி உங்கள இங்க வர வெக்கறது?"

"வேலைக்கு உலை வெச்சிட்டியேடி."

"யார் வேலைக்கு? உங்களுதா, என்னுதா?"

"ரெண்டுக்கும்தான்."

அவள் நுனியைப் பிடுங்கிக் காந்தத்தில் ஒட்டவைத்தாள். மேஜைக்கு வெளியே தலையை நீட்டினாள். "கிடைச்சிருச்சு சார், கால் மிதிக்கு அடியில இருந்துது" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது பொய் என்று தெரிந்தது. லைன் ஓட ஆரம்பித்தது.

அந்தத் தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதற்கு இரண்டே காரணங்கள் உண்டு. கழிப்பறை, உடைந்த ஊசி. கழிப்பறைக்குப் போகும் வழியில் சூப்பர்வைசரின் மேஜை இருந்தது. ஊசிக்குப் போகும் வழியில் எதுவும் இல்லை. தளத்தின் மறுகோடியில், பின்கதவை ஒட்டி, கம்பிவலை அடித்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு முக்காலி, புது ஊசிகள் உள்ள இழுப்பறை, உடைந்தவற்றைப் போடும் ஜாம் பாட்டில். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் ஊசியக்கா காந்தத்தோடு கிளம்பிவிடுவாள். துண்டுகளைச் சேர்த்துவைத்து முழு ஊசியாகத் தெரிகிறதா என்று பார்ப்பாள். பிறகு பாட்டிலில் போடுவாள். வருஷக் கணக்காக இதுதான் வேலை. பெண்கள் எல்லோரும் ஒரு நிமிஷமாவது அவள் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். வயிற்றுவலி, மாமியார், வீட்டு வாடகை, வராத கல்யாணம் எல்லாம் வலைக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தெரியும். அவள் ஒன்றை இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. சங்கத்துக்கு அவள் வேண்டும் என்று கண்ணாடிக்காரி பிடிவாதமாக இருந்தது அதனால்தான்.

சங்கம் என்ற பேச்சு வந்தது புகைக்குப் பிறகு.

இஸ்திரிப் பகுதியில் ஒரு மோட்டார் கருகியது. முன்வாசலுக்குப் போக அந்த வழி ஒன்றுதான். எல்லோரும் பின்கதவுக்கு ஓடிவந்தார்கள். பின்கதவு பூட்டியிருந்தது. துணி திருட்டுப் போகிறது என்று எப்போதும் பூட்டித்தான் இருக்கும். சாவி காவலாளியிடம், காவலாளி முன்கேட்டில். யாரோ மெயினை அணைத்தார்கள். புகை தானாகவே அடங்கியது. மயங்கி விழுந்த இருவரை வெளியே மரத்தடியில் உட்காரவைத்துக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். மதியம் லைன்கள் ஓடின. மறுநாள் பின்கதவின் பழைய பூட்டை மாற்றிப் புதுப் பூட்டுப் போட்டார்கள்.

கதவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தவள் ஊசியக்கா. ஆனால் கதவுக்கு வந்து சேர்ந்தவர்களில் அவள்தான் கடைசி. புகையைப் பார்த்ததும் இழுப்பறையை மூடினாள். பாட்டிலுக்கு மூடி போட்டாள். கூண்டைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பியபோது அவளுக்கும் கதவுக்கும் நடுவில் அத்தனை முதுகுகள்.

"பூட்டின கதவுக்கு ஓடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு கதவப் பூட்டினீங்க பாருங்க, அத என் பேரன் பேத்திக்குச் சொல்லுவேன்" என்று கண்ணாடிக்காரி பிறகு சொன்னாள்.

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"ஆகட்டும். சொல்லுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஊசியக்காவும் சிரித்தாள். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் முதலில் கதவைப் பார்த்தாள். மகளின் பள்ளிக்கூட அரங்கில், ரேஷன் கடையில், பல் பிடுங்கப் போன இடத்தில். வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டாள். "திருடன் வந்தா காபி போட்டுக் குடு" என்றான் கணவன். கூண்டில் உட்கார்ந்தால் எதிரே அந்தப் புதுப் பூட்டு. நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

சங்கத்தின் முதல் கோரிக்கை அந்தக் கதவு. வேலை நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அதில் அவளுக்கு மறுபேச்சில்லை. சேர்வதுதான் வேறு விஷயம். முன்பு தரை கூட்டும் பெண்களில் ஒருத்தி உட்கார நாற்காலி வேண்டும் என்று கேட்டாள். அவளைக் கொதிகலன் பக்கம் மாற்றினார்கள். பிறகு அவளாகவே நின்றுவிட்டாள் என்று சொன்னார்கள். தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிவரும் வேன்களில் ஒன்று ஊசியக்காவின் கணவனுடையது. ஒப்பந்தம் தொழிற்சாலையோடு. ஒரு வீட்டின் இரண்டு அடுப்புக்கும் ஒரே இடத்திலிருந்துதான் நெருப்பு.

யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதற்குள் ஊசிகள் உடைய ஆரம்பித்தன.

கண்ணாடிக்காரி யாரிடம் சொன்னாளோ, அக்காவிடம் பேச வேண்டும் என்றால் ஊசியை உடைத்துக்கொண்டு போ என்று எல்லா லைனுக்கும் தெரிந்துவிட்டது.

"என்னடி, நேத்துதான ஒண்ணு உடைச்ச?"

"துணி கெட்டியா இருக்கு அக்கா."

"பாப்பா சட்டைத் துணி எப்பலேர்ந்து கெட்டியாச்சு?"

வந்தவள் வலைக்குள் முகத்தைக் கொண்டுவந்தாள். "நீங்க சங்கத்துல சேர்ந்துட்டீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"நான் சேரல."

"சரி சரி. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க." அவள் கண்ணைச் சிமிட்டினாள். "நீங்க இருந்தா நானும் வர்றேன். எங்க அம்மாகிட்டகூட அப்படித்தான் சொல்லியிருக்கேன். ஊசியக்கா பயந்தாங்கொள்ளி, அவங்களே போறாங்கன்னா ஒண்ணும் ஆகாதுன்னு."

"போடி. புது ஊசிய ஒழுங்காப் போடு, தலைகீழாப் போடாத."

அவள் போனதும் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, உள்ளங்கையில் மூன்று துண்டுகளோடு. தானாக உடையும் ஊசி வளைந்துதான் உடையும், நுனி மழுங்கியிருக்கும். இவை எல்லாம் நேராக, பளபளவென்று முறிந்திருந்தன. பார்க்கத் தெரிந்த யார் பார்த்தாலும் தெரியும்.

ஜாம் பாட்டில் மாதக் கணக்கில்தான் நிரம்பும். அது இப்போது கண்ணுக்குத் தெரியவே ஏறியது. கூண்டின் வலை வழியாகப் பாட்டில் எல்லோருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும். அதை இழுப்பறைக்குள் வைத்தாள். வெளியே இருக்க வேண்டியது உள்ளே இருந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று தோன்றியது. மறுபடி எடுத்து வெளியே வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் தளம் காலியானபோது ஒரு பிடி ஊசித் துண்டுகளைத் துணியில் முடிந்து சாப்பாட்டு டப்பாவில் போட்டாள். மாலையில் கேட்டில் காவலாளிப் பெண் உடம்பைத் தடவிப் பார்த்தாள், பையைத் திறந்து பார்த்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. தெருவுக்கு வந்ததும் ஊசியக்கா டப்பாவைப் பையின் அடிக்குத் தள்ளினாள்.

மறுநாளும் எடுத்தாள். அதற்கு மறுநாளும். வீட்டில் அலமாரிக்குப் பின்னால் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்துவைத்தாள். எறிந்துவிட அவளால் முடியவில்லை. உடைந்த ஊசியை எறியக் கூடாது என்பது அவள் கையில் ஊறிப்போயிருந்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் துண்டுகளைச் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். கணவன் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து கத்தினான். விரலை வாயில் வைத்துக்கொண்டு டப்பாவோடு வந்தான்.

"என்ன இது?"

"ஊசி."

"ஊசின்னு தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு. இப்ப ரத்தமும் இருக்கு. உன் சோத்து டப்பாவுல ஏன் இருக்கு?"

அவள் சொன்னாள். மெஷினுக்கு அடியில் விரிந்த உள்ளங்கையிலிருந்து பவுடர் டப்பா வரைக்கும். மகள் பாடப் புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்தைத் திருப்பவில்லை.

"அப்ப சங்கத்துல சேர்ந்துட்ட."

"இல்லங்க. சேரல."

"சேராமயே இவ்வளவு பண்ற. சேர்ந்தா என்ன பண்ணுவ?"

அவன் உட்கார்ந்தான். விரலைப் பார்த்தான்.

"நாளைக்கு என் வண்டிய நிறுத்திட்டா அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லு. சவாரிக்கா விட முடியும்? சீட்டெல்லாம் கிழிஞ்சு கிடக்கு."

"அதனாலதான் சேரலன்னு சொல்றேன்."

"சேரலன்னா ஏன் மறைக்கற? அந்தப் பொண்ணுங்க உடைச்சா அவங்க பாடு."

"புகை வந்தன்னிக்கு நீங்க அங்க இல்ல."

"ஆமா, இல்ல. கேட்டுக்கு வெளிய வண்டியில உக்காந்திருந்தேன். உள்ள என்ன ஆச்சுன்னு தெரியாம." அவன் குரல் இறங்கியது. "அது உனக்கு லேசா இருக்கு."

மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா, சேரப் போறியா இல்லையா? ஒண்ணு சொல்லு."

"நீ படி."

"படிக்கறேன். நீ சொல்லு."

அவள் அன்றைய துண்டுகளைப் பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள்.

சனிக்கிழமை பர்சனல் சார் கூப்பிட்டனுப்பினார். ஆள் எடுப்பது, அனுப்புவது எல்லாம் அவர் கையில். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த அறையின் கதவு தானாகவே மூடிக்கொள்ளும் கதவு. மேலே ஒரு இரும்புக் கை. அவள் உள்ளே வந்ததும் அது மூச்சு விடுவது போல ஒரு சத்தத்தோடு அவளுக்குப் பின்னால் மெல்ல மூடியது.

மேஜைமேல் ஜாம் பாட்டில் இருந்தது.

"உக்காருங்கம்மா. ஸ்டோர்லேர்ந்து போன மாசத்தவிட இந்த மாசம் புது ஊசி ரொம்பப் போயிருக்கு. கவனிச்சீங்களா?"

"ஆமா சார். நிறைய உடையுது."

"உடைஞ்சா இதுல இருக்கணுமே." பாட்டிலை விரலால் சுற்றினார். "இதுல இருக்கறது கொஞ்சம்தான். மீதி எங்கம்மா?"

அவள் நினைக்காத ஒன்று இது. பாட்டில் நிறைவதைப் பற்றியே பயந்துகொண்டிருந்தாள். குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. புது ஊசி போனால் பழைய ஊசி வர வேண்டும். வருஷக் கணக்காக அந்த ஒன்றைப் பார்க்கத்தான் அவளை உட்கார்த்திவைத்திருந்தார்கள்.

"நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றேன்" என்றார். "சட்டைக்குள்ள இருக்கு. சங்கம் வைக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு கெட்ட பேர் வாங்கிக் குடுக்கணும். குழந்தை சட்டையில ஊசிய வெச்சு அனுப்பினா போதும்."

"அப்படி யாரும் பண்ண மாட்டாங்க சார்."

"அப்ப மீதி எங்க?"

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கழுத்திலிருந்த கூண்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட வந்து யார் யார் அடிக்கடி ஊசி வாங்கிட்டுப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். திங்கக்கிழமை காலைல வந்து சொல்லிடுங்க. நான் போலீஸ்ல குடுக்க வேண்டியதக் குடுத்துக்கறேன். உங்க பேர் வெளிய வராது." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க அந்தச் சங்கத்துல இல்லையே?"

"இல்ல சார்."

"தெரியும். அதான் உங்களக் கூப்பிட்டேன்."

எழுந்தாள். கதவை இழுத்தாள், வரவில்லை. தள்ள வேண்டிய கதவு என்று அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பியபோது கணவன் கேள்வி கேட்கவில்லை. வேனை எடுத்தான். முன்கண்ணாடியில் இருந்த தொழிற்சாலைப் பெயர்ப் பலகையைக் கழற்றி இருக்கைமேல் கவிழ்த்துவைத்தான். சைக்கிள் கடைக்கு ஒரு தெரு தள்ளி நிறுத்துவான் என்று நினைத்தாள். கடைக்கு எதிரிலேயே நிறுத்தினான்.

"நான் உங்க கூட்டத்துக்கு வரல. ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தணும், அதுக்காக நிக்கறேன்."

"நானும் சேர வரல. ஊசிய உடைக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"சரி. சொல்லிட்டு வா."

படிகள் குறுகலாக, ரப்பர் வாசனையோடு இருந்தன. மாடியில் ஒரே அறை. சுவரில் பழைய டயர்கள் மாட்டியிருந்தன. தரையில் பாய்களின்மேல் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே தலை நரைத்த ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. வெளியிலிருந்து வந்த சங்கத்துக்காரர், முன்பு அச்சகத்தில் வேலை பார்த்தவர் என்று கண்ணாடிக்காரி சொல்லியிருந்தாள்.

"வாங்க தோழர்" என்றார்.

ஊசியக்கா தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை. பெண்கள் சிரித்தார்கள்.

அவள் கதவோரமாக உட்கார்ந்தாள். அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை, இருந்த ஒரே ஜன்னலுக்கும் கம்பி போட்டிருந்தது. யாரோ ஒருத்தி எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"எதுக்கு?" என்றாள் ஊசியக்கா.

"ரோட்ல போறவங்க பாப்பாங்க அக்கா. கம்பெனி ஆளு எவனாவது வந்தா?"

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சங்கத்துக்காரர் பேச ஆரம்பித்திருந்தார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. டயர் வாசனை புகை வாசனையாக மாறிக்கொண்டிருந்தது. எழுந்து தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள். படியும், படிக்குக் கீழே தெருவும், தெருவில் வேனின் மூக்கும் தெரிந்தன.

"பாத்தாப் பாக்கட்டும். என்னால முடியாது" என்றாள். கதவின் முன்னாலேயே உட்கார்ந்தாள். தெருவிலிருந்து யார் நிமிர்ந்தாலும் முதலில் தெரிவது அவள் முகம்தான்.

தன் முறை வந்தபோது நின்றுகொண்டு சொன்னாள். ஊசியை உடைத்தது, பாட்டில் ஏறியது, சாப்பாட்டு டப்பா, பவுடர் டப்பா, பர்சனல் சார். நாளைக் காலை பெயர்கள் வேண்டும் என்கிறார். ஊசி சட்டைக்குள் இருக்கிறது என்கிறார். போலீஸ் என்கிறார்.

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் ஆரம்பிச்சதுதான்" என்றாள்.

"அந்த டப்பாவத் தூக்கி எங்கயாவது போட்டுடுங்க அக்கா" என்றாள் பேக்கிங்கில் வேலை செய்யும் ஒருத்தி.

"போட்டா, சட்டைக்குள்ளதான் இருக்குன்னு ஆயிடும்" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப அக்காவே எடுத்தேன்னு சொல்லணுமா? அவங்க வேலை போயிடுமே."

"சொல்லலன்னா நம்ம எல்லார் வேலையும் போகும். ஜெயிலுக்கும் போகணும்."

"என்னடி இது, அவங்க முன்னாடியே அவங்கள ஏலம் போடறீங்க?"

சங்கத்துக்காரர் கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது. அவர் ஊசியக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீங்க உறுப்பினர் இல்லன்னா நாளைக்கு அந்த ரூமுக்கு நீங்க தனியாதான் போகணும். உறுப்பினரா இருந்தா சங்கத்துலேர்ந்து ரெண்டு பேர் கூட வருவோம்னு கேக்கலாம். விடுவாங்களா தெரியாது. கேக்கலாம். இதுக்காகச் சேருங்கன்னு நான் சொல்லல. சேர்ந்தா வேலை போகாதுன்னும் சொல்ல மாட்டேன்."

"போகுமா?"

"போகலாம்."

சுற்றி வளைக்காமல் அவர் அப்படிச் சொன்னது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. கையிலிருந்த கைக்குட்டையைச் சுருட்டினாள், விரித்தாள்.

"கூட வர்றவங்க உள்ள வருவாங்களா? வாசல்லயே நின்னுடுவாங்களா?"

"உள்ளதான்."

"அந்தக் கதவு தானா மூடிக்கும்."

அவர் புரியாமல் பார்த்தார். கண்ணாடிக்காரிக்குப் புரிந்தது. "நான் பிடிச்சுக்கறேன் அக்கா" என்றாள். "கால வெச்சு மறிச்சுக்கறேன்."

கீழே வேனின் முன்மூடியை யாரோ அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. ரேடியேட்டரில் அவன் எத்தனை தடவைதான் தண்ணீர் ஊற்றுவான் என்று ஊசியக்கா நினைத்தாள்.

அங்கே சேர்வது எப்படி என்றால், எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி தன் லைனைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவள் இன்னும் உட்காராமல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த லைன்?" என்று சங்கத்துக்காரர் கேட்டார்.

"லைன் கிடையாதுங்க."

"பின்ன?"

"கூண்டு."

திங்கட்கிழமை வேன் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பியது. பெயர்ப் பலகை முன்கண்ணாடியில் இருந்தது. பெண்கள் ஏறும்போது கணவன் யாரோடும் பேசவில்லை.

பவுடர் டப்பாவை அவள் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போனாள். கேட்டில் காவலாளிப் பெண் என்ன என்று கேட்டாள். ஊசி என்றாள். காவலாளிப் பெண் சிரித்துவிட்டு உள்ளே விட்டாள்.

சங்கத்துக்காரரைக் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். பர்சனல் சாரின் அறைக்கு அவளோடு கண்ணாடிக்காரியும் பேக்கிங் பெண்ணும் போனார்கள். இருவரையும் வெளியே நிற்கச் சொன்னார். பேக்கிங் பெண் வெளியே நின்றாள். கண்ணாடிக்காரி கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நின்றாள். கதவு மூடவில்லை.

ஊசியக்கா டப்பாவை மேஜையில் வைத்தாள். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன், பாட்டில் நிறைந்துவிட்டது என்று பயந்து எடுத்தேன், சட்டையில் எதுவும் இல்லை என்று சொன்னாள். யார் உடைத்தது என்று அவர் கேட்டார். சொல்ல முடியாது என்றாள். சங்கத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சனிக்கிழமை இல்லை என்றீர்களே என்றார். சனிக்கிழமை இல்லை என்றாள்.

டப்பாவில் உள்ளதையும் பாட்டிலில் உள்ளதையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினார்கள். துண்டுக்குத் துண்டு சேர்த்து முழு ஊசிகளாக அடுக்கச் சொன்னார். சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவள் அவருடைய மேஜையில் உட்கார்ந்து அடுக்கினாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். எல்லாம் சேர்ந்தன. ஒன்றுக்கு மட்டும் நுனி இல்லை.

அது கிடைக்கும்வரை அவள் கூண்டில் உட்கார வேண்டாம் என்று பர்சனல் சார் சொன்னார். நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு அனுப்பினார். வேலையை விட்டு நீக்குவதைப் பற்றி மேலிடம் சொல்லும் என்றார். வேன் ஒப்பந்தத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கூண்டில் இரண்டாவது லைனிலிருந்து ஒருத்தியை உட்காரவைத்தார்கள். பின்கதவு பூட்டியே இருந்தது. மதியத்துக்குப் பிறகு காவலாளி அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். சாவி அவன் இடுப்பில் தொங்கியது. அன்று எந்த ஊசியும் உடையவில்லை.

மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார்கள். கூண்டைக் காலி செய்யும்போது காந்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அன்று ஊசி விரலில் குத்திய அதே பாத்திரம் கழுவும் இடத்தில் கணவன் டார்ச் பிடித்தான். மகள் தண்ணீர்க் குடத்தை நகர்த்தினாள். வாசல் கதவு திறந்திருந்தது. நுனி சாக்கடைக் கம்பியின் ஓரத்தில், சோப்பு நுரைக்கு அடியில் இருந்தது. அவள் அதைத் துடைத்து, ஒரு தாளில் வைத்து, மேலே டேப் ஒட்டினாள். நாளைக்குக் கொண்டுபோகக் கைப்பையில் வைத்தாள்.